ஒழுகும் இடத்தில் போட்ட இலை

ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும். ஓர் ஆண்டு அது அவசரப் பிரச்சினையாயிற்று. என் மனைவிக்குக் கார்த்திகையில் பிரசவம். அவள் பெற்றோர் பினாங்கில் இருந்ததால் பேறு காலம் எங்கள் வீட்டில்தான். படுக்க இருந்த ஒரே அறையும் அதுதான்.

நான் அப்போது ஒரு தினசரிக்குத் துறைமுகச் செய்தி எழுதிவந்தேன். எந்தக் கப்பல் என்றைக்கு வரும் என்று ஊருக்குச் சொல்ல முடிந்த எனக்கு, மேஸ்திரி என்றைக்கு வருவார் என்று வீட்டில் சொல்ல முடியவில்லை. ஒருவழியாக அவர் வந்தார். வெற்றிலைச் சிவப்பும் உரத்த குரலுமாக, அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரைமேல் உள்ள பழைய தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார்.

"சுண்ணாம்பு வெல ஏறிக்கினே போவுது, பேப்பர்கார நைனா. துட்டக் குட்த்துட்டு நீ பாட்டுக்கு ஆபீசு போ. வூட்ட நான் பாத்துக்கறேன்."

எனக்குப் பேரம் பேசக் கூச்சம். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைக் காட்டினாள். அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் ஒருவர் குடியிருந்தார். மதில் கட்ட முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்தவர். மதில் இடுப்பளவு எழும்பியதும் கட்டியவர் காணாமல் போனார். இப்போது அதன்மேல் கிரேன்காரருடைய கைலி காய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு பேச்சு அவள் கைக்குப் போயிற்று. எண்ணூர்ச் சூளையிலிருந்து சுண்ணாம்பையும், கல்லையும், வெல்லத்தையும் நாங்களே வாங்கிப்போடுவது. கூலியைச் சனிக்கிழமைதோறும் அவரவர் கையிலேயே கொடுப்பது. மேஸ்திரியின் பங்கு மட்டும் எங்கள் தெரு வழக்கப்படி. அந்த வழக்கம் இதுதான்: தளம் முடிந்ததும் மழைநீர் வடியும் தூம்புகளை அடைத்து மேலே தண்ணீர் கட்டுவார்கள். கீழே, முன்பு ஒழுகிய இடத்தில் மேஸ்திரிக்கு இலை போடுவார்கள். அவர் சாப்பிட்டு எழும்வரை இலையில் சொட்டு விழாவிட்டால் கையோடு பணம். விழுந்தால், செப்பனிட்டபின் நடக்கும் அடுத்த விருந்து மேஸ்திரி செலவு.

"இன்னாம்மா, எம்மேல நம்பிக்க இல்லியா?"

"உங்க மேல கீது அண்ணே. மழ மேலதான் இல்ல."

மேஸ்திரி சிரித்து ஒப்புக்கொண்டார்.

வேலை மளமளவென்று நடந்தது. செங்கல் தூளும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் முழுதும் அடித்தார்கள். பாட்டு தெருக்கோடிவரை கேட்டது. என் மனைவி அந்தச் சத்தத்திலேயே பின்னறையில் மத்தியானம் தூங்கப் பழகிக்கொண்டாள்.

விருந்தன்று மேலே தண்ணீர் குளம்போல் நின்றது. கிரேன்காரர் அழைக்காமலே வந்திருந்தார். மேஸ்திரி சாதாரணமாக நடந்துபோய்ச் சன்னலோரம் உட்கார்ந்தார்.

"இங்க காத்து நல்லா வருது."

"உங்க எல அங்க கீது அண்ணே," என்று என் மனைவி கட்டிலை நகர்த்திய இடத்தைக் காட்டினாள்.

அவர் இடம் மாறினார். சோறு வந்தது, வஞ்சிர மீன் குழம்பு வந்தது. இரண்டாவது கவளத்தை அவர் பிசையும்போது சரியாகக் குழம்பின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"கொழம்பு கெட்டியா கீதுன்னு மேலேர்ந்து தண்ணி ஊத்தறாங்க, மாமு," என்றார் கிரேன்காரர்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. கை கழுவாமலே மாடிக்கு ஓடினார். நானும் போனேன். தூம்பைத் திறந்துவிட்டு, ஈரத் தளத்தைக் கட்டையால் தட்டிக்கொண்டே போனார். எங்கும் கணீரென்றது. பின்னறைக் கட்டிலுக்கு மேலே வந்தபோது மட்டும் மந்தமாகக் கேட்டது. விருந்துக்கு வந்திருந்த, தளம் அடித்த பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவள்தான் வாயைத் திறந்தாள்.

"கீழ புள்ளத்தாச்சி பட்த்துகினு இருந்தாங்க. வயித்துக்கு அதிருமேன்னு அங்க மட்டும் மெல்லமா தட்டுனோம்."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். கையிலிருந்த குழம்பு நெற்றியில் ஒட்டியது. "அடிப்பாவிங்களா! எங்க ஒழுவக்கூடாதோ அங்கயேவா?"

கீழே சேதி போனதும் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் பணம் தரவில்லை. அந்த இடத்தைப் பெயர்த்துத் திரும்ப அடிக்கும் நாட்களில் கிரேன்காரர் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். பெண்கள் விட்ட அடிக்கும் சேர்த்து அடித்தார்கள். இரண்டாவது விருந்துக்கு மீன் யார் வாங்குவது என்று சிறு தகராறு வந்தது. குற்றம் தன்னுடையதல்ல, பிறக்கப்போகிற பிள்ளையுடையது என்பது மேஸ்திரியின் வாதம். கடைசியில் மீன் அவருடையது, சமையல் எங்களுடையது என்று தீர்ந்தது.

இந்த முறை மேஸ்திரி தானே அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். ரசம், மோர் என்று வேண்டுமென்றே நிதானமாகச் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் இலையைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் விழவில்லை. அவர் கை கழுவி வந்ததும் என் மனைவி பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வாசலிலேயே கிரேன்காரர் அவரை மடக்கி, தம்முடைய மதிலுக்கும் ஒரு விருந்து போடுவதாகச் சொன்னார்.

"சொவுத்து மேல எப்டி நைனா தண்ணி கட்றது?" என்று கேட்டுக்கொண்டே மேஸ்திரி போனார்.

கார்த்திகை மழையில் பெண் பிறந்தது. மழை விடவேயில்லை. சில நாள் கழித்து, தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது, கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி. பணம் முழுதும் வாங்கிப்போனவர் திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். நேரே பின்னறை வாசலுக்கு வந்து, குழந்தையைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார். மூலை மூலையாக நெடுநேரம் பார்த்தார். அவர் வேட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் ஓடையாகக் கட்டிலை நோக்கிப் போயிற்று.

"அண்ணே," என்றாள் என் மனைவி, குழந்தையை மறுபக்கம் நகர்த்திக்கொண்டு, "இந்த ரூம்புல இப்ப ஒழுவறது நீங்க ஒர்த்தர்தான்."