உத்தரவாதம் இல்லாத முதுகு விளம்பரம்

இன்று நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் முதுகெலும்பு பார்க்கும் கைரோபிரக்டர் அண்ணைக்கு ஒரு விளம்பரத் தாள் வடிவமைத்துக் கொண்டுபோனேன். கிளினிக் திறந்து மூன்று மாதம், இன்னும் கதிரைகள் காலி.

"மூன்று நாளில் வலி போகும், உத்தரவாதம்" என்று பெரிதாகப் போட்டிருந்தேன். கீழே என் அம்மா சிரிக்கும் படம், "எனக்குச் சுகம் வந்தது" என்ற வரியோடு. அம்மாவின் வலி அவரிடம் போய்த்தான் குறைந்தது.

"தம்பி, உத்தரவாதம், படம் ரெண்டையும் எடுத்துப்போடும்."

"ஏன் அண்ணை, அம்மா பொய்யே சொல்லுறா?"

"இல்லை. அடுத்த ஆளுக்கும் சுகம் வருமெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நோயாளியின்ர புகழ்ச்சியையும் விளம்பரத்தில போடக் கூடாதெண்டு எங்கட தொழில் சபையில விதி. ஆரும் அங்க முறைப்பாடு குடுத்தா லைசன்சுக்குத்தான் பிரச்சினை."

"அப்ப சனம் எப்பிடி வரும்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

கடைசியில் பெயர், தொழில், முகவரி, நேரம் மட்டும் மிஞ்சின. பார்த்தால் மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது.

வீட்டில் அம்மாவோ சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்து அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறா. இது விளம்பரமா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.