வடு எந்தப் பக்கம்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு, என் அப்பாவின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்கு என் பழைய நோட்டுதான் ஆதாரம். எது நடந்தாலும் கிழமையும் மணியும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே தொற்றியிருந்தது. அப்பாவிடமிருந்து போன் வந்த நாள்களும் அதில் உண்டு. முதலில் வெள்ளிதோறும். பிறகு மாதம் ஒன்று.

அப்பா வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது போனவர், அவனுக்கு மூன்று வயது முடிந்தும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பரளச்சிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் குலசாமி கோயிலில் தம்பிக்குக் காதுகுத்து. லீவு கிடைக்கவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். லீவுதான் கிடைக்கவில்லையா, வேறு ஏதாவதா என்று பாளையம்பட்டி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போன இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் பிளக்ஸ் பேனரிலாவது அப்பா எங்களோடு நிற்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் டிசைன் வேலை பார்த்தார். சடங்கான பிள்ளைகளைப் பனிமலையில் நிறுத்துவதும், கைக்குழந்தையைத் தாமரைக்குள் உட்கார்த்துவதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நாலு பேரை நம் ஊர்க் கண்மாய்க் கரையில் இயல்பாக நிற்கவைப்பதுதான் கஷ்டம் என்றார். பனிமலைக்குப் போனவர்கள் நம் ஊரில் யாருமில்லை. கண்மாய்க் கரையைத் தினமும் பார்க்கிறார்கள்.

அம்மாவையும் என்னையும் தம்பியையும் முந்தின ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்குக் கரையில் நிற்கவைத்து அவரே படம் எடுத்திருந்தார். அப்பாவை அங்கே அறைத்தோழர் ஒருவர் வெளிமுற்றத்தில் நிற்கவைத்து எடுத்து போனில் அனுப்பியிருந்தார். மாமா அப்பாவை அவருடைய நிழலோடு சேர்த்து வெட்டியெடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தார். ஆறு மணிக்குள் பிரிண்டுக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஸ்டுடியோ முதலாளி குறை சொன்னால், கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வார். என்ன குறை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அதில் நொந்துபோயிருந்த மாமா, எந்தப் படத்தை முடித்தாலும் என்னைத்தான் பார்க்கச் சொல்வார்.

“ஏத்தா, நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராத. அது எனக்கு ஒண்ணுக்கும் ஆகாது. பாக்கையில கண்ணு எங்க தட்டுதோ அதச் சொல்லு.”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கை வெளியே இருந்தால், நான் சொல்லி முடிக்கும் முன்பே மவுஸைப் பிடித்து எதையாவது மாற்றத் தோன்றுமாம்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார். திரையில் அப்பா நின்றார். எங்கள் மூன்று பேர் நிழலும் பனைமரத்தின் பக்கம் விழுந்திருந்தது. அப்பாவின் நிழல் கருவேலம் புதர்ப் பக்கம் போயிருந்தது. வெயிலும் அவர் முகத்தின் மறுபாதியில் அடித்தது. அவருக்கு மட்டும் தனிச் சூரியன்.

என் பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்த முகம் மாறிவிடும். சொல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் ஒட்டவைத்த புருஷன் என்று பாளையம்பட்டி வரைக்கும் சிரிப்பார்கள். சுவர்க் கடிகாரம் ஐந்தே கால் காட்டியது.

“மாமா, அப்பா நிழலு மட்டும் எதுத்த பக்கமாப் போகுது.”

மாமா குனிந்து நிழல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. அழுதுவிடுவேன் போலிருந்தது. பிறகு, “சரியாப் புடிச்சிருக்கத்தா” என்றார். கரையில் எங்களைப் படம் எடுத்த மணியைக் கேட்டார், நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அப்பாவின் படம் சாயங்காலத்தில் எடுத்ததாக இருக்கும் என்றார். ஒரே சொடுக்கில் அப்பாவை இடம் வலமாகத் திருப்பிப் போட்டார். நிழல் பனைமரத்துக்கு வந்துவிட்டது. வெயிலும் சரியான கன்னத்துக்கு வந்தது. சட்டைப்பை வலப்பக்கம் போய்விட்டதை அவரே பார்த்து, வெட்டி இடப்பக்கம் வைத்தார். கைக்கடிகாரத்தையும் கை மாற்றினார். ஐந்து ஐம்பது.

“அக்கா, நீ ஒருக்கப் பாரு. ஒனக்குத்தான் தெரியும்.”

அம்மா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “அவுகளேதான்” என்றாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் பஸ் நிறுத்தத்திலும் எல்லோருடைய நிழலையும் பார்த்துக்கொண்டே திரிந்தேன். இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று மனம் அடித்துக்கொண்டது.

ஞாயிறன்று கோயில் வாசலில் பத்தடி உயரத்துக்கு பிளக்ஸ் நின்றது. போனில் கடுகளவு இருந்ததெல்லாம் அங்கே விரல் நீளத்துக்கு இருந்தது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, ஆளே வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். மாமா மணைமேல் உட்கார்ந்து தம்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அத்தை வந்தாள். நேராகப் போய் பிளக்ஸின் முன்னால் நின்றாள். நான் அவளுடைய முதுகையே பார்த்தேன்.

“ஏத்தா, எந்தம்பிக்குப் புருவத்து வடு எடப்பக்கம்ல. புளியமரத்துல இருந்து விழுந்தப்ப நாந்தான தூக்கிட்டு ஓடுனேன். இதுல வலப்பக்கம் இருக்கு. இம்புட்டுப் பெருசா வச்சிருக்கீக, ஒருத்தருக்குமா தெரியல?”

எல்லோரும் அண்ணாந்தார்கள். வலப்புருவத்துக்கு மேல் அந்த வடு விரல் நீளத்துக்குக் கிடந்தது. திருப்பிப் போட வைத்தது நான். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. மடியில் தம்பி இருந்ததால் அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. “ஆமா மதினி, தப்பு எம்மேலதான்” என்று ஆரம்பித்தார்.

அம்மாவின் கை தன்னுடைய இடப்புருவத்துக்குப் போனது. பிறகு வலப்புருவத்துக்கு. மறுபடியும் இடப்பக்கம். வேர்வையைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

“அதுல என்ன இருக்கு மதினி,” என்றாள் அம்மா சத்தமாக. “ஒங்க தம்பி கண்ணாடி பாத்துச் சவரம் பண்ணையில நான் பின்னாடி நின்னு பாத்த மொகம் இதுதான். கண்ணாடியில வலப்பக்கந்தான தெரியும்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “அடி ஆத்தீ, அம்புட்டுக்குப் பின்னாடியே நின்னியாக்கும்!” என்று யாரோ கேட்க, அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சந்தடியில் ஆசாரி ஊசியை ஏற்ற, தம்பி வீரிட்டான். அதன்பிறகு வடுவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கறிச்சோற்றை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா எங்களைக் காப்பாற்றிவிட்டாள் என்று பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகூட மாற்றவில்லை. பீரோவின் அடியிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, அப்பாவின் இடப்புருவத்தில் ஒரு விரலை வைத்தாள். வெகுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை. தம்பி காது வலிக்கிறது என்று சிணுங்கியபோதும் எழுந்திருக்கவில்லை.

நான் நோட்டை எடுத்து எழுதினேன்: “ஞாயிறு. மாலை ஆறு பத்து. மாமா செய்த தப்பை அம்மா ஆல்பத்தில் சரிபார்க்கிறாள்.”

அதில் மணி மட்டும்தான் சரி.