கல் வந்தார்

பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்தினேன். என் கணவர் அதே பள்ளியில் தமிழாசிரியர். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகட்டுமே என்று மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். மாலையில் காபியோடு வாசித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் நிறுத்தினால், “அங்க ஒரு ஒற்று விட்டுப்போச்சு” என்பார். காதாலேயே ஒற்றுப்பிழை பிடிக்கிற மனுஷனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

போன வருடம் அவர் போய்விட்டார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் இப்போது கேட்கிற குரல் ஸ்டேஷன் அறிவிப்பு ஒன்றுதான். அதற்கும் நான் சில நாள் பதில் சொல்கிறேன்.

இப்போது கையில் இருப்பது அனிஷினாபே எழுத்தாளர் ஒருவரின் கதைகள். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளை ஒட்டி வாழும் பூர்வகுடி மக்கள் அவர்கள். தன் மக்கள் சொல்லிவந்த விதத்திலேயே கதை சொல்கிற பெண் இவர். ஒரு கதையில் ஏரிக்கரைக் கல் ஒன்று, தனியாக இருக்கும் ஒருத்தியின் வீட்டுக்கு வந்து உட்காருகிறது. அவள் பேசுகிறாள், கல் கேட்கிறது. அவ்வளவுதான் கதை.

‘கல் வந்தது’ என்று எழுதி முடித்திருந்தேன். அந்த அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் மொழியில் கல்லை உயிருள்ளவர்களோடு சேர்த்துத்தான் பேசுவார்களாம். ஆங்கிலத்தில் எழுதும்போது அது வெறும் பொருளாகிவிடுகிறது, உங்கள் தமிழிலாவது தப்பிக்குமா என்று கேட்டிருந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நமக்குக் கல், மரம், மாடு எல்லாமே அஃறிணை. தொட்டிலில் கிடக்கிற குழந்தையையே ‘அது தூங்குது’ என்கிறவர்கள் நாம். ‘கல் வந்தார்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆளும் இல்லை. அது மட்டுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதே கிடையாது. என் வாயில் ‘அவர்’ என்றால் அவர் ஒருவர்தான். அந்தச் சொல்லைத் தூக்கி எங்கேயோ கிடக்கிற கல்லுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு நாள் அந்த வரியிலேயே நின்றேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, வராமலே இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து நின்ற மதியம், கொழுந்தனாருக்கு போன் போட்டு நான் சொன்னது: “பாடி வந்துடுச்சு.” எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், நானும் சொன்னேன். காலையில்கூட ‘அவர் கஞ்சி குடிச்சார்’ என்று சொன்ன அதே வாய். அவரைத் திணை மாற்றியது நான்தான். கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவர்கூட என்னைத் திருத்தவில்லை. திருத்துகிறவர் படுத்திருந்தார்.

வெகு நேரம் அழுதேன். பிறகு ‘வந்தது’ என்பதை அடித்துவிட்டு ‘வந்தார்’ என்று எழுதி, சத்தமாக வாசித்துப் பார்த்தேன். சரியா தப்பா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதையும் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. அவர் கல்லறைக்குக் கல் செதுக்கச் சொல்லி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டறைக்காரர்தான்.

“டீச்சர், கல்லறைத் தோட்டத்தாண்டதான் கீறோம். கல்லு வந்துட்ச்சி. நீங்க வந்தீங்கன்னா நட்டுடலாம்.”

“வந்துட்டாரா?” என்றேன். யோசித்துக் கேட்டதில்லை.

“யாரு டீச்சர்?”

“அவர்தான்” என்றேன்.

பட்டறைக்காரருக்குப் பின்னால் லாரி இரைந்துகொண்டிருந்தது.

“ஆங், வந்துட்டாரு டீச்சர்” என்றார்.