கால் வைத்ததும் நின்ற சத்தம்

போன வருடம் தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு. சிட்லபாக்கத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது.

மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் செய்யாவிட்டால் அவர்களுக்கும் இறங்க விடமாட்டேன்.

என் மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் மாப்பிள்ளை விபத்தில் போய்விட்டார். ‘இவள் கால் வைத்த நேரம்’ என்றார்கள் புகுந்த வீட்டில். பெட்டியோடு எங்களிடம் வந்துவிட்டாள். கல்லூரியில் கிட்டார் வாசித்துக் கைதட்டல் வாங்கியவள், அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அவளுடைய பழைய பெடல் பழுதாகிக் கிடந்தது. காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலியைக் கரகரவென்று முரட்டுத்தனமாக்கித் தரும் சின்னப் பெட்டி. புதிதாக ஒன்று செய்து கொடுத்தால் வாசிப்பாள் என்று நினைத்தேன். துக்கத்துக்கு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் மருந்து என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்கள் வாங்கி வந்தேன்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கிட்டார் ஒயரைச் செருகும் ஜாக்கையும் ஸ்பீக்கருக்குப் போகும் ஜாக்கையும் பற்ற வைத்தேன். ஒவ்வொரு இணைப்பையும் மல்டிமீட்டரால் சோதித்தேன். எல்லாம் பாஸ். வாசித்து மட்டும் பார்க்கவில்லை. அவள் மூடி வைத்த உறையை நான் திறக்கக் கூடாது என்றிருந்தேன்.

அந்த ஞாயிறு, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அவளுடைய கல்லூரித் தோழிகள் இருவர் வந்தார்கள்.

“ஒரே ஒரு பாட்டுடி. ரொம்ப பிகு பண்ணாத. நாங்க என்ன டிக்கெட் வாங்கிட்டா வந்திருக்கோம்?”

கெஞ்சியும் கேலி செய்தும் கிட்டாரை எடுக்க வைத்துவிட்டார்கள். நான் பெடலைக் கொண்டுவந்து வைத்தேன். மகள் கிட்டார் ஒயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் அதில் செருகி மீட்டினாள். கூடம் நிறைந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பிறகு மகள் பெடலை மிதித்தாள். சத்தம் அப்படியே நின்றது. பெடலில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

“அங்கிள், இது சைலன்ஸ் பெடலா?” என்றாள் தோழி ஒருத்தி.

மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “விடுங்கப்பா. நான் கால் வெச்சா எதுதான் ஓடுது?” என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கிட்டார் உறைக்குள் போயிற்று.

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்தேன். கவிழ்த்து வைத்து வேலை செய்ததில் எனக்கு வலது இடதாகியிருக்கிறது. இரண்டு ஜாக்குகளும் இடம் மாறியிருந்தன. மிதிக்காதவரை ஒலி நேராகக் கடந்து போகும். மிதித்தால் தலைகீழ் வழியில் போய்ச் செத்துவிடும். அந்த நிமிடமே இரண்டு ஒயரையும் பிடுங்கி மாற்றிச் செருகியிருந்தால் போதும், வாசித்திருப்பாள். இதே தப்புக்காக எத்தனை பேருடைய வேலையைச் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

“தப்பு என்னுதும்மா. ஜாக்கை மாத்தி வெச்சுட்டேன். உன் காலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“தெரியும்பா. நானும் எலக்ட்ரானிக்ஸ்தானே படிச்சேன்.”

கதவு திறக்கவில்லை.

பெடலை அன்றே சரிசெய்துவிட்டேன். இப்போதும் தினமும் காலையில் அதை ஸ்பீக்கரில் இணைத்து, கிட்டாருக்குப் பதிலாக ஒயர் முனையை விரலால் தொட்டுக்கொண்டு மிதித்துப் பார்க்கிறேன். கூடமே அதிரும்படி உறுமுகிறது. அவள் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு மூடத்தனமான வார்த்தைக்கு, ஆயுள் முழுக்கப் பரிசோதகனாக இருந்த என் கைதானே பாஸ் முத்திரை குத்திக் கொடுத்தது என்பதைத்தான் அந்த உறுமலில் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.