கொசுவைக் காப்பாற்ற ஒரு வலை

கொசுவலை எதற்கு? கொசுவிடமிருந்து மனிதனைக் காப்பாற்ற. போன ஞாயிற்றுக்கிழமை காலை வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டனில் பஸ் ஏறி, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கையில் மஞ்சள் காய்ச்சலைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகம். அந்தக் காய்ச்சல் நடமாடும் நாட்டிலிருந்து ஊசி போடாமல் ஒருவர் இங்கே வந்து இறங்கினால், சில நாட்கள் அவரைக் கொசுவலை அடித்த அறையில் வைத்திருப்பார்களாம். இதென்ன கூத்து? நம் நாட்டில் அந்தக் காய்ச்சலே கிடையாது. இங்கே உள்ள கொசு கடித்தால் அவருக்கு என்ன வந்துவிடும்?

ஒரு வளைவில் பஸ் குலுங்கியது. சட்டென்று புரிந்தது. வலை அவரைக் காப்பாற்ற அல்ல. நம்மூர்க் கொசுவை அவரிடமிருந்து காப்பாற்ற!

பக்கத்து சீட்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் முட்டைக்கோவா மூட்டையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

(பத்திரிகை ஆபீசில் கொசுவை 'நுளம்பு' என்று திருத்தப் பார்ப்பார்கள். திருத்தட்டும். எங்கள் பக்கம் கடிப்பது கொசுதான்.)

ஏன் இந்தத் திடீர்ப் படிப்பு? எல்லாம் மச்சானுக்காக. அக்கா புருஷன் இங்கே ஒரு தேயிலை பெக்டரியில் உதவி டீமேக்கர். அவருடைய பழைய தோட்டத் துரை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தேயிலை போட்டிருக்கிறார். "நீ வந்தால் டீமேக்கரே நீதான்" என்று ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். மச்சானுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது தனிக் கதை, அதற்கு இந்தப் பத்தி போதாது. பாக்கி இருந்தது ஓர் ஊசி மட்டும். மறுநாள் திங்கட்கிழமை கொழும்பில் போட வேண்டும்.

அக்கா அவரை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். அந்தக் காய்ச்சல் வந்தால் கண் மஞ்சளாகி, கறுப்பாக வாந்தியெடுத்து, ஆளே போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. ஊசி இல்லாவிட்டால் கப்பல் இல்லை. கப்பல் இல்லாவிட்டால் துரை வேறு ஆள் பார்த்துவிடுவார். 'படிச்ச பயல், நீ வந்து சொல்லு' என்று மச்சான் எனக்குத் தகவல் அனுப்பிவிட்டார். சும்மாவே பேசுகிறவன் நான். கூப்பிட்டால் விடுவேனா?

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து விழுந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. நான் ஆரம்பித்தேன்.

இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்கிற கிருமி. சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்குச் சின்னது. தொட்டால் ஒட்டாது, இருமினால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. காய்ச்சல்காரரைக் கொசு கடிக்க வேண்டும். அந்தக் கிருமி கொசுவின் உடம்புக்குள் சில நாள் இருந்து பெருக வேண்டும். பிறகு அதே கொசு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். கொசு இல்லாவிட்டால் அந்தக் கிருமி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரிதான்… நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

அக்கா கவனமாகக் கேட்டாள். அந்தக் கொசு எப்படி இருக்கும் என்றாள். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளைப் பட்டை, பகலில் கடிக்கும், வீட்டை ஒட்டித் தேங்கியிருக்கும் சுத்தமான தண்ணீரில் முட்டையிடும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, அதே சாதி நம் நாட்டிலும் இருக்கிறது என்று பெருமையாக முடித்தேன்.

முறம் நின்றது.

"அப்ப இவரு அந்தக் காய்ச்சலோட லீவுல வந்தாருன்னா, இங்க இருக்கிற கொசு இவரக் கடிச்சிட்டு பாப்பாவக் கடிக்கும். அப்படித்தானே?"

"சரியாச் சொன்னக்கா" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாடத்தை இத்தனை வேகமாகப் பிடித்தவர்கள் யார்?

மச்சான் என்னையே பார்த்தார். "நீ எந்தக் கட்சி, மாப்ள?"

அவசரமாக ஊசிக்குத் தாவினேன். ஊசி போட்டவர் உடம்பில் அந்தக் கிருமி காலூன்ற முடியாது. அவரைக் கடிக்கிற கொசுவுக்கு வெறும் ரத்தம்தான் கிடைக்கும். ஆகவே ஊசி மச்சானுக்கு மட்டுமில்லை, பாப்பாவுக்கும் சேர்த்துத்தான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, அவர் போகவே இல்லையென்றால் ஊசியும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாமே என்றாள்.

புத்தகத்தைப் புரட்டினேன். இதற்குப் பதில் அதில் இல்லை.

மச்சான் அதிகம் பேசாதவர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு, புள்ள. இங்க நா பக்குவம் பாத்து எறக்குற தேயிலைத் தூளுக்கு எப்பவும் பெரிய டீமேக்கருக்குத்தான் பேரு."

அக்கா அவரைப் பார்த்தாள். இதை அவர் முன்பு சொன்னதே இல்லை போலிருக்கிறது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கொசுவோட புழுவ எனக்குக் காட்டு."

வீட்டுப் பின்புறத் தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்தோம். அக்கா தேய்த்துக் கழுவுகிற பீப்பாய்; ஒன்றுமில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு ஏமாற்றம்தான். வாசலில், கூரையடியில், எங்குமில்லை. பிறகுதான் பெக்டரி வெளிச்சுவர் ஞாபகம் வந்தது. அங்கே தீப்பிடித்தால் அணைக்க வரிசையாகச் சிவப்பு வாளிகள் தொங்கும். மச்சானின் பொறுப்பு. புதுப் பெயின்ட், விளிம்பு வரை தண்ணீர்.

எட்டிப் பார்த்தோம். நெளிநெளியென்று நெளிந்தன!

இப்போதுள்ள துரை தினமும் சுற்றி வரும்போது வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆகவே குறைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றி நிரப்புவார்கள். கொட்டிக் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே யாரும் கொட்டவில்லை. நம் நாட்டில் எத்தனையோ உத்தரவுகள் இப்படித்தான்… மேலே பார்த்தால் நிறைவு, உள்ளே பார்த்தால் நெளிவு.

நெளிந்தது அதே சாதிதானா? எனக்குத் தெரியாது. பூதக்கண்ணாடிக்கு எங்கே போவேன்? அதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

"இதுதானா?" என்றாள்.

வாளியைக் கழற்றித் தண்ணீரைச் சரளைக் கல்லில் ஊற்றினாள். புழுக்கள் துடித்தன, துடித்து அடங்கின. அடங்கும் வரை நின்று பார்த்தாள். அடுத்த வாளிக்கு மச்சானும் கை கொடுத்தார்.

"நெருப்புக்குத் தண்ணி வச்சீங்க, சரி. எங்களக் கடிக்கிறதுக்கும் ஆள் வச்சிருக்கீங்களே" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் முகத்தில் முதல் சிரிப்பு. கடைசி வாளியையும் கழுவி நிரப்பிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "காலையில மொத பஸ்ஸப் புடிங்க. ஊசியப் போட்டுக்கிட்டு வாங்க."

பூதம் என்று நினைத்த ஒன்று வாளிக்குள் அடங்கும் என்று கண்ணால் கண்ட பிறகு பயம் பாதியாகிவிடுகிறது. என் பிரசங்கம் செய்யாததை ஒரு வாளித் தண்ணீர் செய்துவிட்டது.

மச்சானுக்கு ஊசி போட்டாயிற்று. கை கொஞ்சம் வலிக்கிறதாம். அதைச் சாக்கிட்டு ஒரு நாள் முழுக்கச் சண்டையில் காயம்பட்ட வீரர் மாதிரி உலாவியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது அக்கா ஒன்று கேட்டிருந்தாள். இங்கே கொசுவும் இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறோம், இத்தனை காலமாக அந்தக் காய்ச்சல் ஏன் வரவில்லை? படித்தவர்களே இன்னும் 'இருக்கலாம்', 'போலும்' என்றுதான் எழுதுகிறார்கள். தெரியாது என்றேன். அப்படியானால் அவர் லீவில் வருவதற்குள் இந்தத் தோட்டத்தில் அந்தக் கொசு ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

"அதான் ஊசி போடப் போறாரேக்கா?"

"போடட்டும். இருந்தாலும்…"

இந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, எந்த விஞ்ஞானமும் இதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே வருகிற சனிக்கிழமை தொடங்குகிறேன். முதலில் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேல் லயம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உள்ள தகரம், சிரட்டை, உடைந்த சட்டி எல்லாவற்றையும் கவிழ்ப்பதாகத் திட்டம். பிறகு கீழ் லயம். அதன் பிறகு துரையைப் பார்த்துப் பேச வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிப் பார்க்கிறேன்.

மச்சான் நிம்மதியாக ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். கொசுவோடு மல்லுக்கட்ட இங்கே மாட்டிக்கொண்டவன் நான்.