மூன்று மொட்டைகளும் என் ஆய்வேடும்

திருப்பதியில் நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, பெண்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பது. விடையை என் நெறியாளர் முன்கூட்டியே வைத்திருந்தார்: ஆண்கள் செய்யச் சொல்வதால். அதற்குத் தோதாக ஒரு வினாத்தாளும் கொடுத்தார். ‘உங்களைத் தூண்டிய ஆண் யார்?’ கணவர், தகப்பனார், உடன்பிறந்தவர், பிறர் என்று நான்கு கட்டம். ‘நானேதான்’ என்பதற்குக் கட்டமில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் பட்டம் கிடைக்காது என்பதால் அந்தக் குறை எனக்கும் அப்போது கண்ணில் படவில்லை.

சித்தூர் கோர்ட் வாசலில் நான் பேட்டி எடுத்த பெண்களில் ஒருத்தி என் சொந்த ஊரான நகரியைச் சேர்ந்தவள். நாற்பது வயதிருக்கும். திருத்தணியிலிருந்து மது பாட்டில்களை எல்லை தாண்டி ஆந்திராவுக்குக் கொண்டுவந்து விற்ற வழக்கு, ஜாமீனில் இருந்தாள். கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையைச் செக்போஸ்டில் யாரும் துழாவுவதில்லை என்று கண்டுபிடித்தவள் அவள். புருஷனுக்கு மஞ்சள் வேட்டி கட்டி, மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பாட்டில்கள் பிரசாதப் பைக்குள். இரண்டே மாதத்தில் மூன்று மொட்டை. இந்த ஆளுக்கு முடியே வளராதா என்று ஒரு கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இன்னொரு தலய புடிச்சிருக்கணும் பாப்பா. அத்த யோசிக்காம உட்டுட்டேன்” என்றாள். அவளுக்கு இருந்த வருத்தம் அவ்வளவுதான்.

கோர்ட்டில் மட்டும், புருஷன் மிரட்டித்தான் செய்தேன் என்று அழுதிருக்கிறாள். வக்கீல் சொல்லிக்கொடுத்தது. மிரட்டியவர் பக்கத்தில் நின்று பணிவாகத் தலையாட்டினாராம். எந்தக் கட்டத்தில் டிக் போடட்டும் என்று கேட்டேன்.

“அந்தாளு பஸ்ஸுல தூங்கிக்கினு வந்தாரு. என்னியப் போடு.”

ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘தானே’ என்று எழுதி நெறியாளரிடம் நீட்டினேன். அவர் தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். குடும்பப் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் மூளை போகாது. கோர்ட்டிலேயே கணவர் என்றுதானே சொல்லியிருக்கிறாள், நீ என்ன நீதிபதியைவிடப் பெரிய ஆளா? நெறியாளர் மதியம் என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவர் மனைவி என்று துறையில் பியூனுக்குக்கூடத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டத்தை அழித்துவிட்டுக் கணவருக்கு டிக் போட்டேன். அன்றைக்கே கையெழுத்துக் கிடைத்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

பட்டம் வாங்கிய பிறகு நகரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று ஆசையாகக் கேட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நானு ஜெயிலுக்குப் பயந்து பொய் சொன்னேன்” என்றாள். “நீ இன்னாத்துக்குப் பயந்த?”