ஸ்டேஷன் கூரையில் ஓடிய ஆறு

போன மாதம் தெலுங்கு நாட்டில், பெஜவாடாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு நட்ட நடுவில் நிற்கும் மலைப் பூங்காவுக்குப் போனான். பெரிய மலை ஒன்றுமில்லை. ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிப் பாறையாக எழும்பி நிற்கும். உச்சியில் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவர் ஒருவர் நினைவாக ஒரு உயரமான தூண், அதைச் சுற்றி மரங்கள், சிமெண்டு பெஞ்சுகள், பிள்ளைகள் ஏறிச் சுற்றுவதற்கு ஒரு குட்டி ரயில் பாதை. வாசலில் ஒரு பெண் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு எல்லோருக்கும் நாக்கு ஊறும். நான் நிற்காமல் மேலே நடந்தேன்.

மேலே போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தேன். வெயில் சாய்ந்திருந்த நேரம். அகலமாக, பளபளவென்று ஒரு மினுக்கம்.

"ஆத்துல தண்ணி நெறையப் போவுது போல கீதே," என்றேன்.

மகன் மெதுவாக, "நைனா, ஆறு அந்தாண்ட கீது. நீ பாக்கறது ஸ்டேஷன் கூரை," என்றான்.

"வெயிலு கண்ணுல அடிக்குதுடா," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காரணம் வெயில் இல்லை. இதே மலையில், இதே சுவரோரம் நின்று, இதே கூரையைப் பார்த்து, என் அண்ணன் ஏகாம்பரம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். அப்போது என் மீசை மைக் கருப்பு.

அந்தக் காலத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாலாம் வகுப்பு வாத்தியார் இவன் தேறமாட்டான் என்று அனுப்பிவிட்ட ஆள் நான். பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் தோணிரேவிலிருந்து இறால் கூடையைத் தலையில் சுமந்து ஆரம்பித்தவன். சுமந்த கூடை பெட்டியாச்சு, பெட்டி லாரியாச்சு. மாநில எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் என் லாரி நம்பரைச் சொன்னாலே கட்டையைத் தூக்குவார்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். அப்படியெல்லாம் தூக்கமாட்டார்கள். எல்லோரையும் போல வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆனால் பெஜவாடா மார்க்கெட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது நிஜம். ஐஸ் பெட்டியைத் திறந்தால் என் இறால்தான் முதலில் போகும். அந்த ஐஸ் பெட்டிக்கும் வெள்ளரிக்காய்க்கும் ஒரே வாசனை. சிரிக்காதீர்கள். நல்ல இறால் குளிர்ந்து கிடக்கும்போது மூக்கை வைத்துப் பாருங்கள், பிஞ்சு வெள்ளரி வாசனைதான் வரும். அழுகல் தட்டிய இறாலை வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரியாது.

அண்ணன் என்னைப் போல இல்லை. ஏரியை விட்டு அசையாதவர். எங்கள் ஊரில் ஏரியில் யார், எந்த இடத்தில், எப்போது வலை போடுவது என்று முறை வைத்திருப்போம். பாடு என்று பேர். கோவில் முன்னால் சீட்டு குலுக்கி எடுப்பார்கள். எல்லா இடமும் ஒன்றில்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய இடம்தான் ராஜா இடம். அங்கே மூங்கிலை ஊன்றி வலையைக் கட்டினால், வடியும் தண்ணீரோடு இறால் தானாக வந்து விழும். அது ஒருவனுக்கு வாய்ப்பது அபூர்வம். வாய்த்தால் அந்த நாட்களில் அவன் நடையே வேறாக இருக்கும். அந்த வருஷம் அண்ணன் சீட்டுக்கு அந்த இடம் விழுந்திருந்தது. அடுத்த அமாவாசைக்கு அவர் இறங்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், உன்கூட பெஜவாடா வரேன். ஆருகிட்டயும் சொல்லாதே," என்றார்.

"இன்னாண்ணா திடீர்னு?"

"கண்ணு காட்டணும்."

பட்டணத்தில் இல்லாத கண்ணாஸ்பத்திரியா என்று கேட்டேன். பட்டணத்து ஆஸ்பத்திரியில் எந்த வராந்தாவில் உட்கார்ந்தாலும் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் எதிர் பெஞ்சில் இருப்பான் என்றார். அது உண்மைதான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு தடவை தோணியை அடுத்தவன் மூங்கிலில் மோதியிருக்கிறார். ஏகாம்பரம் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. கள்ளைக் கையால் தொடாத மனிதர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். கண் போனவன் என்று தெரிந்தால் சீட்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். முகத்துவாரத்தில் தண்ணீர் இழுக்கிற இழுப்பில் ஒருவன் தடுமாறினால் நாலு பேர் வலை நாசம், உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது.

கூடூரில் ரயில் மாறிப் போனோம். ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இன்னும் சில சோதனை இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் உட்கார இடமில்லை. எனக்கோ அண்ணனுக்கு என் ஊரைக் காட்டிவிட வேண்டும் என்ற பெருமை. ஆமாம், என் ஊர் என்றுதான் சொன்னேன். ஒரு ரிக்‌ஷா பிடித்து மலையடிவாரம் போய், கையைப் பிடித்து மேலே ஏற்றினேன்.

நாங்கள் இரண்டு பேரும் அதுவரை மலை ஏறியதில்லை. பழவேற்காட்டில் ஏது மலை? ஏரி நடுவில் நின்று மேற்கே பார்த்தால், வானம் தெளிவான நாளில் நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் எங்கள் மலை. அதன் உச்சியும், கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்தால் முகத்துவாரத்து இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். "மலை வந்துச்சி" என்று தோணியில் தலையாள் குரல் கொடுப்பார். உடனே மூங்கிலை இறக்கலாம். எங்களுக்கு மலை என்றால் தண்ணீரிலிருந்து பார்ப்பதற்கு. அதன் மேல் ஏறி நிற்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அண்ணன் தூணுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். "இந்த மலைய எங்கேர்ந்துடா பாப்பாங்க?" என்று கேட்டார்.

"எங்கேர்ந்தும் பாக்க மாட்டாங்க. இங்கேர்ந்துதான் ஊரைப் பாப்பாங்க."

"அப்ப எதுக்கு மலை?" என்றார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

வெள்ளரிப் பிஞ்சு வாங்கி வந்து கையில் கொடுத்தேன். தின்றுகொண்டே சுவரோரம் போனார். நான் பெரிய ஆளாக அங்கே பார் மார்க்கெட்டு, இங்கே பார் என் லாட்ஜ் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்காரன் எங்கே போனாலும் முதலில் தண்ணீரைத்தானே தேடுவான்.

"ஆத்துல தண்ணி நெறையப் போவுதுடா," என்றார். "வடியற தண்ணி. வாடைக் காத்து அடிக்குது மேல. நல்லா சுருக்கு விழுது பாரு."

நான் பார்த்தேன். கீழே ஸ்டேஷன் கூரை. தகரத்தில் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ட சுருக்கங்கள் தகரத்தின் வரிகள்.

"ண்ணா, மருந்து போட்டுக்கினு வந்தியே, அதான் ஒரு மாதிரியா தெரியும்," என்றேன்.

அவர் கையிலிருந்த வெள்ளரி பாதியில் நின்றது. "அது ஆறு இல்லியா?" என்றார். நான் மார்க்கெட் பக்கம் திரும்பிக்கொண்டேன். "மருந்து இன்னிக்குத்தானடா போட்டாங்க. எனக்கு நேத்தும் இப்டித்தான். பளபளன்னு இருந்தா தண்ணி, மங்கலா இருந்தா கரை. அவ்ளோதான் தெரியுது."

மத்தியானம் டாக்டர் தெலுங்கில் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, மருந்து விட்டால் மிச்சத்தைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம், போனது வராது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "செரியா போய்டும்னு சொல்றாரு," என்றேன்.

"போயிந்தி ராதுன்னு சொல்றாரு," என்றார் அண்ணன். "எனக்கும் தெலுங்கு தெரியும்டா. ரெட்டிங்களுக்கு மீன் வித்தவன் நானு."

திரும்பும் ரயிலில், கூடூர் தாண்டியதும், ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தப் பாடு மட்டும் எறங்கிடறேன்டா. அப்பறம் நானே ஒதுங்கிக்கறேன்."

அண்ணன் கேட்டு நான் இல்லை என்றதில்லை. வியாபாரத்தை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அமாவாசைக்கு நானும் தோணியில் ஏறினேன். அணியம் என்று சொல்லும் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்னால் கோலைப் பிடித்து நிற்பார். நான் தலையைத் திருப்பாமல் வாய்க்குள்ளேயே சொல்வேன்: "மலை பனைக்கு வடக்கால கீது... இன்னும் கொஞ்சம்... வந்துச்சி." அவர் உடனே ஏரியே அதிர, "மலை வந்துச்சி! எறக்குங்கடா!" என்று கத்துவார். எனக்கு ஒரு திட்டும் விழும். "நீ இன்னாடா மொணமொணன்னு? எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கினு குந்து." நான் பணிந்து உட்காருவேன்.

ஒரு வலை கிழியவில்லை, ஒரு மூங்கில் மோதவில்லை. இறால் அப்படி விழுந்தது. மற்ற தோணிகள் எங்களைக் கண்டால் விலகி நின்றன. நான் வந்திருக்கிறேன் என்ற பயம்தான் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். ஊரையே ஏமாற்றிவிட்ட கெட்டிக்காரத்தனம் வேறு. அந்தப் பாடு முடிந்து, அடுத்த சீட்டு குலுக்கும் நாளில், "என் பேரு வாணாம், இடுப்பு வலி தாங்கல," என்று அண்ணனே எழுந்து சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் கரையில் உட்கார்ந்து, மினுக்கத்தைப் பார்த்தபடி சில வருஷங்கள் இருந்தார். கடைசியில் மினுக்கமும் போய்விட்டது. ஒரு மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

கருமாதி அன்று முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அண்ணனுக்கு அடுத்த இடத்தில் வலை கட்டியவன், அவர் வயசுக்காரன். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இனிமேல் சொன்னால் என்ன என்று, நாங்கள் செய்த தந்திரத்தை அவன் காதில் போட்டேன்.

அவன் பீடியை அணைத்தான். "டேய், நீ அணியத்துல குந்திக்கினு கிசுகிசுன்னு சொன்னது எங்க தோணி வரைக்கும் கேட்டுச்சி. தண்ணி மேல பேச்சு எவ்ளோ தூரம் போவும்னு வியாபாரிக்கு மறந்து போச்சா?"

"அப்ப ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். மோதினது என் மூங்கில்லதான். அவன் குடிச்சிருக்கான்னு பேச்சைக் கெளப்புனதே நான்தான். குடிச்சவன் பேரை சீட்டுலேர்ந்து எடுக்க மாட்டாங்கல்ல."

"பெரியவங்க ஒண்ணும் கேக்கலியா?"

"இன்னாத்த கேக்கறது? அவன் மொற. அவன் எறங்கறான். நாங்க தள்ளி நின்னோம். அவ்ளோதான்."

முகத்துவாரத்து இழுப்பில் தோணியைத் தள்ளி நிறுத்துவது என்றால் லேசு இல்லை. கோலைப் போட்டு அழுத்திக்கொண்டு, தன் வலைக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். அத்தனை தோணியும் அப்படி நின்றிருக்கிறது. நான் அதை என் மீசைக்குக் கிடைத்த மரியாதை என்று கணக்கு வைத்திருந்தேன்.

இப்போது முனிரத்தினமும் இல்லை. முகத்துவாரம் மண் மேடிட்டு, பாதி நாள் மூடிக்கிடக்கிறது. அந்த ஒற்றைப் பனை ஒரு புயலில் சாய்ந்தது. மேற்கே மலை இன்னும் இருக்கும், எங்கே போகப் போகிறது? பார்ப்பதற்கு எனக்குத்தான் கண் இல்லை போலிருக்கிறது. அண்ணனுக்கு வந்தது கூடப்பிறந்தவனுக்கும் வரலாம் என்று அந்த டாக்டர் அன்றைக்கே சொன்னார். தெலுங்கில்தான் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. அண்ணனுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

மலையிலிருந்து இறங்கும்போது இருட்டவில்லை, ஆனால் எனக்கு எல்லாம் மங்கல். கூட்டம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மகன் என் பக்கத்தில் வரவில்லை. அரை அடி முன்னால் நடந்தான். தலையைத் திருப்பாமல், மற்றவர் காதில் விழாத குரலில் சொன்னான்: "நைனா, படி எறங்குது... இன்னொண்ணு... இப்ப சமம்." இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தோணியில் கால் வைக்காத பிள்ளை.

"எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கினு நட," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

இடது பக்கம் ஒருவன் தோளில் இடித்துவிட்டுப் போனான். கீழே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் காதுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. நான் நின்று சுற்றிலும் பார்த்தேன். வண்டி விளக்குகளில் எல்லாம் பளபளவென்று இருந்தது. யாரும் தள்ளி நிற்கவில்லை.